ஜாபர் போட்ட துளை

போன மாதம் செந்தில் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் இப்போது அவன்தான் எல்லாம். என் உடம்பை விசாரித்தான், வீட்டில் எல்லோரையும் கேட்டான், பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, ஜாபர் அண்ணன் நம்பர் மாறிப்போச்சா? ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாக."

"உம்ராவுக்கு மெக்கா போயிருக்காரு. வர நாளாகும். என்ன விஷயம்?"

புதிதாக ஒரு டிரில் மிஷின் வாங்கியிருக்கிறார்களாம். துளை போடும்போதே தூசியை அதுவே உறிஞ்சிக்கொள்ளுமாம். புதிய ஆட்களிடம் அதைக் கொடுப்பதற்கு முன்னால், அந்த மிஷின் இல்லாத நாளில் வார்டுக்குள் தூசி பறக்காமல் எப்படித் துளை போட்டோம் என்று யாராவது வந்து சொன்னால் நல்லது என்று நினைத்தானாம்.

"சரி, அப்ப நீங்க வாங்கண்ணே" என்றான்.

அந்த 'அப்ப' எனக்குப் புதிதில்லை. என் வேலைக் காலத்தில் பாதிக்குமேல் அதற்குப் பின்னால் நின்றுதான் கழிந்தது. போனேன், தெரிந்ததைச் சொன்னேன். சொல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தது நிறைய. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. ஃபிட்டர் படிப்பு, கல்லலில் ஒரு மில்லில் சில காலம், பிறகு காரைக்குடியில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் எந்த இடமும் ஒரே மாதிரி இருக்காது. இன்றைக்கு மருந்து கொடுக்கும் கவுன்டர், நாளைக்கு ரத்தம் எடுக்கும் அறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்காவது துளை போட வேண்டும். குழாய்க்கு, ஒயருக்கு, கம்பிக்கு. கட்டடம் கட்டும்போது போடும் துளைக்கு யாரும் தூசியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. டைல்ஸ் ஒட்டி, கிரானைட் பாலிஷ் போட்டு, நோயாளி வந்து படுத்த பிறகு போடும் துளைதான் பெரிய பாடு. கிரானைட்டைக் குடைந்தால் வரும் மாவு மைதாவைவிட மெல்லியது. கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, ஏசி காற்றில் சுற்றி, எங்கோ தள்ளி இருக்கும் ஒருவர் நெஞ்சுக்குள் இறங்கும்.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது விசாலாட்சி சிஸ்டர். நோய்த்தொற்று பரவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. எங்கள் இன்ஜினியர் சார் ஒரு வேலை முடிந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டாலும், சிஸ்டர் வந்து பார்க்காமல் அந்த அறையைத் திறக்க முடியாது. மெலிந்த உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோட்டுப் பையில் மடித்த கறுப்புத் துணி ஒன்று வைத்திருப்பார். துளை போட்ட இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கதவு நிலையின் மேல்விளிம்பு, போனின் அடிப்பக்கம், கட்டிலுக்குக் கீழே இருக்கும் சக்கரம், இப்படி நாம் நினைத்தே பார்க்காத இடமாகப் பார்த்து ஒரு இழுப்பு இழுப்பார். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். வெள்ளையாக ஒரு கீற்று இருந்தாலும், ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தத் துணியை நம் டூல் பாக்ஸ்மேல் விரித்து வைத்துவிட்டுப் போய்விடுவார். நாம் முதலிலிருந்து துடைக்க வேண்டும். துணி சுத்தமாக இருந்தால் "ம்" என்பார். அவ்வளவுதான்.

அந்த ஒரு 'ம்' வாங்குவதற்காக நான் பட்ட பாட்டை என் மனைவி எலிசபெத் அறிவாள். ஏசி வாயை பிளாஸ்டிக் வைத்து ஒட்டுவேன். கதவுக்கு அடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைப்பேன். விளக்குமாற்றை உள்ளேயே விடமாட்டேன். மேலிருந்து கீழாக ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு சுவருக்கும் துணியை மாற்றுவேன். அப்படியும் பாதி நாள் கறுப்புத் துணி என் டூல் பாக்ஸ்மேல்தான் கிடக்கும்.

அப்போதுதான் ஜாபர் வேலைக்குச் சேர்ந்தான். ஷார்ஜாவில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். என்னைவிட இளையவன், எனக்குப் பின்னால் வந்தவன். வந்த வாரமே மருந்துக் கவுன்டரில் கம்ப்யூட்டர் ஒயருக்கு ஒரு துளை போடச் சொன்னார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கு இருக்கிறதல்லவா, அதைக் கயிறுபோல உருட்டி, துளை வரவேண்டிய இடத்தைச் சுற்றி வட்டமாக ஒட்டினான். கிரானைட்மேல் ஒரு குட்டிக் கிணறு. அதற்குள் தண்ணீர் ஊற்றினான். கையில் பேட்டரி டிரில், அதில் குழாய்போல நடுவில் வெற்றாக இருக்கும் பிட். அதை நேராக வைத்தால் பாலிஷ் கல்லில் வழுக்கும். அவன் சாய்த்துப் பிடித்து, பிறைபோல ஒரு கீறல் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்தினான். சத்தம்கூடத் தண்ணீருக்குள்ளேயே அமுங்கிவிட்டது. மாவு பறக்கவில்லை. எல்லாம் சாம்பல் நிறக் கஞ்சியாகக் கிணற்றுக்குள் சுழன்றது. அவன் அதை ஒரு பழைய பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்தான்.

சிஸ்டர் வந்தார். மேல் தட்டு மருந்துப் பெட்டியின் முதுகில் துணியை இழுத்தார். விரித்துப் பார்த்தார்.

"ம்" என்றார். பிறகு, "உங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் என் பெயரை அவர் கேட்டதில்லை. வேலைச் சீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அவன் பதில் சொல்லி முடிக்கும் முன்னால் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். அதைப் பொறாமை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவே ரொம்ப நாள் ஆனது.

அவனைக் கெட்டவன் என்று சொல்லவாவது எனக்கு வழி இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று சுற்றிச் சுற்றி வருவான். நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் என் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் கேக்கை என் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுவான். அவன் செய்முறையை நான் கேட்டிருந்தால் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பான். அதனால்தான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது அவனுடையதாகவே இருக்கும்.

எனக்கென்று ஒன்று வேண்டும் என்று யோசித்து, ஐஸ்கிரீம் டப்பா ஒன்றின் அடியை வெட்டி, பக்கவாட்டில் வாக்கம் கிளீனரின் குழாயைச் செருகினேன். டப்பாவைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, அதன் நடுவழியே டிரில்லை விட்டால், வரும் தூசி அத்தனையும் குழாய்க்குள் போய்விடும். சுவர் டைல்ஸில் ஜாபரின் கிணறு நிற்காது, தண்ணீர் வழிந்துவிடும். அங்கே என் டப்பாதான் ராஜா. வாக்கம் பின்பக்கம் ஊதும் காற்றிலும் மெல்லிய மாவு தப்பி வரும் என்று கண்டுபிடித்து, மிஷினை வராந்தாவில் வைத்து, நீளக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோனேன். ஸ்கேன் அறையில் வரிசையாகத் துளை போட்டு முடித்துவிட்டு, கதவோரம் நின்றேன். சிஸ்டர் துணியை இழுத்தார், பார்த்தார், திருப்பியும் பார்த்தார்.

"ம். ஜாபர் போட்ட மாதிரியே இருக்கு."

அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

வெளியிலும் அதே கதை. கண்டனூரில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். சமையல்கட்டுக் கருங்கல் மேடையில் குழாய் ஒன்று வைக்க ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்திருந்தார்கள். பையை இறக்கி வைத்ததும் அந்த வீட்டு ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா, அந்தப் பாய் வரலையா? போன தடவ வந்தாக. வேல பார்த்த சுவடே தெரியல."

"அவருக்கு வேற வேலைங்க ஆச்சி."

"அப்படியா. சரி, நீங்களே போடுங்க. பார்த்துப் போடுங்க."

போட்டேன். சுத்தமாகத்தான் போட்டேன். கிளம்பும்போது ஆச்சி முறுக்கு, மணவோலம் என்று பலகாரம் கட்டி ஒரு பையில் கொடுத்தார். "இதப் பாய்க்கும் குடுங்க" என்றார். பஸ்ஸில் மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது எலிசபெத் சிரித்துவிட்டாள். "ஜாபர் அண்ணன் பேச்ச எடுக்காம உங்களுக்கு ஒரு நாளும் விடியாதா?" என்றாள்.

இனி அந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் ரோஸ்லின் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம் முடிவதற்குள் வலி எடுத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பெண் குழந்தை. என் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை உள்ள நீளம்தான் இருந்தது. நுரையீரல் சரியாக விரியவில்லை என்று பச்சிளங்குழந்தைகள் வார்டில் வைத்து, மூக்கில் சின்னக் குழாய் மாட்டி ஆக்சிஜன் கொடுத்தார்கள். நான் வேலை உடுப்போடு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவேன். உள்ளே இருந்த மற்ற குழந்தைகளும் அதே கதிதான்.

அந்த நேரம் பார்த்து வார்டின் ஆக்சிஜன் முனைகளில் ஒரு பக்கம் முழுவதும் கசிய ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் குழந்தைகளைச் சிலிண்டரில் வைத்தார்கள். அதில் என் பேத்தியும் ஒன்று. சிலிண்டர் தீர்ந்து மாற்றும் ஒவ்வொரு தடவையும் நர்ஸ்கள் முகம் வெளுத்துவிடும். மதுரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு டாக்டர், "இந்த எடையில வழியில என்ன வேணாலும் ஆகலாம்" என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒரு லைன் இழுப்பதுதான் வழி. பெரிய குழாய் கிரானைட் மேடைக்கு அடியில் அலமாரிக்குள் ஓடுகிறது. அங்கிருந்து செம்புக் குழாயை மேலே கொண்டுவர மேடையில் ஒரு துளை போட வேண்டும். குழந்தைகளை வைத்துக்கொண்டே. வேறு அறை இல்லை.

இன்ஜினியர் சார் அறையில் சிஸ்டரும் நானும் நின்றோம். ஜாபர் அன்று மாடியில் வேறு வேலையில் இருந்தான்.

"சீனியர் ஆரோக்கியசாமி. அவர்தான் போடணும்" என்றார் இன்ஜினியர் சார்.

எத்தனை வருஷமாக இந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்! யாரும் "ஜாபர் இல்லையா" என்று கேட்கவில்லை. என் பெயர்தான் முதலில் வந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"உள்ள இருக்கிறது உங்க பேத்தியும்தான். நீங்களே சொல்லுங்க ஆரோக்கியம். எப்படிப் போடுவீக?"

வாயைத் திறந்தேன். என் டப்பா மனசுக்குள் வந்தது. சுவர் டைல்ஸுக்கு அது போதும். ஆனால் மேடைக் கல்லின் கனத்துக்கு, உலர்ந்த பிட் சூடேறி நெருப்பாகிவிடும். டப்பாவை எடுக்கும் நொடியில் விளிம்பில் ஒட்டிய மாவு ஒரு பொட்டாவது எழும். ஸ்கேன் அறையில் அந்தப் பொட்டைத் துடைத்துவிடலாம். இங்கே துடைப்பதற்கு முன்னால் அது மூச்சோடு போய்விடும். தண்ணீரில் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரில் யார் கை நிற்கும் என்பதும் தெரிந்தது. நானும் வீட்டில் உடைந்த கல்லில் ஒளித்துவைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பிறைக் கீறல் எனக்குப் பாதி நேரம் வழுக்கும்.

"ஜாபரக் கூப்பிடுங்க" என்றேன்.

குழந்தைக்காகச் சொன்னேன். அதைச் சொல்லவைத்ததற்காக அந்த நிமிஷம் ஜாபரை வெறுத்தேன். இரண்டும் உண்மை.

ஜாபர் வந்தான். விஷயத்தைக் கேட்டான். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு போய்விட்டது.

"போடுறேன் சிஸ்டர். ஆனா அலமாரிக்குள்ள அண்ணன் இருக்கணும். வேற யாரும் வேணாம். அப்புறம் வாக்கம் வராந்தாவுல இருக்கட்டும், குழா மட்டும் உள்ள வரட்டும். அது அண்ணன் கண்டுபிடிச்சதுதான்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார். ஸ்கேன் அறையில் என் வாயால் சொல்லத் தெரியாததை அவன் வாயால் சொல்லிவிட்டான். எனக்குக் கிடைத்த பெருமைகூட அவன் கையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

கூரையிலிருந்து மேடைவரை பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, விளிம்பெல்லாம் டேப் ஒட்டிக் கூடாரம் போட்டோம். கூடாரத்துக்குள் இருந்த ஏசி வாயை அடைத்தோம். கருவிகள் ஒவ்வொன்றையும் வெளியிலேயே ஈரத் துணியால் துடைத்து உள்ளே எடுத்தோம். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நர்ஸ் நின்றார். நான் அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டு மல்லாந்து உள்ளே நுழைந்தேன். தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் கல்லின் அடிப்பக்கம். நெற்றியில் ஒரு லைட், நெஞ்சின்மேல் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் நனைத்த பஞ்சு. காதுக்கு அருகே மிஷின்களின் கீச் கீச் சத்தம். அதில் எது என் பேத்தியுடையது என்று தெரியவில்லை.

"அண்ணே, ரெடியா?"

"ம்."

"கல்லு வேர்க்க ஆரம்பிச்சா உடனே சொல்லணும். பிஸ்மில்லா."

மேலே அவன் மக்குக் கிணறு கட்டி, நர்ஸிடம் வாங்கிய பெரிய சிரிஞ்சால் தண்ணீர் விடுவது கேட்டது. பிறகு டிரில். கல் முழுவதும் ஒரு அதிர்வு வந்து என் பல்லில் இறங்கியது. விட்டு விட்டு ஓட்டினான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் கஞ்சியைக் குழாய் உறிஞ்சும் சத்தம், மறுபடி தண்ணீர். அவசரமே இல்லை. நானாக இருந்தால் அழுத்தியிருப்பேன் என்று ஒவ்வொரு நிமிஷமும் எனக்குத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லின் அடியில் முடிபோல ஒரு ஈரக் கோடு, வளையத்தின் ஒரு பக்கம் மட்டும்.

"வேர்க்குது! உன் வலது பக்கம்!"

டிரில் நின்றது. அழுத்தம் குறைந்து, மறுபடி மெல்ல ஓடியது. ஈரக் கோடு வளைந்து வட்டமாகத் தொடங்கியது. அப்போது ஒரு சொட்டு வட்டத்தை விட்டு விலகி, கல்லின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து கரண்ட் ஒயர் போகும் பைப்பை நோக்கி ஓடியது. தொட்டியை நகர்த்தினால் நடுவில் விழுவது தவறும். இடது கையைத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, வலது உள்ளங்கையைப் பைப்புக்கு முன்னால் கல்லில் அணைபோல ஒட்டிவைத்தேன். கஞ்சி முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"என்னண்ணே, நிறுத்தவா?"

"நிறுத்தாத. நான் பிடிச்சிருக்கேன். ஓட்டு."

சின்னதாக ஒரு 'டொக்'. வட்டக் கல் வில்லை என் தொட்டிக்குள் பஞ்சின்மேல் விழுந்தது. ஓரம் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. அதை எடுத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. நான் போடும் துளைகளிலிருந்து வரும் வில்லைகளைத் தொடவே முடியாது, அவ்வளவு சூடு. மேலே என் பேத்தி மூச்சு விட்டுக்கொண்டிருக்க, கீழே படுத்துக்கொண்டு நான் ஒரு கல்லின் குளிர்ச்சியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

சிஸ்டர் வந்தார். இந்தத் தடவை கறுப்புத் துணியைக் குழந்தைகளை வைத்திருந்த வார்மர்களின் மேல்மூடியில், ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசியாக என் பேத்தியுடையது. வெளிச்சத்தில் விரித்தார். ஒன்றுமில்லை. அந்தத் துணியை எனக்கும் காட்டினார், ஜாபருக்கும் காட்டினார். அவர் அப்படிக் காட்டி நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அன்று சாயங்காலத்துக்குள் புதிய லைனில் ஆக்சிஜன் வந்தது. சிலிண்டர்கள் வெளியே போயின.

பேத்தி எடை ஏறி, குழாய் கழன்று, வீட்டுக்கு வந்தாள். ஞானஸ்நானத்தில் கேதரின் என்று பெயர் வைத்தோம். சில மாதங்களில் எங்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர் போட்டார்கள். ஜாபரைத்தான் போட்டார்கள். என் கடைசி மாதங்களில் காலையில் அவன் சொல்லும் வேலைக்குத்தான் நான் போனேன். "அண்ணே, முடியும்னா இங்குட்டுக் கொஞ்சம் பார்த்துருங்க" என்று கெஞ்சுவதுபோலத்தான் சொல்வான். அது கட்டளையைவிடக் கஷ்டமாக இருந்தது.

நான் ஓய்வுபெற்ற அன்று கேன்டீனில் டீயும் மிக்சரும் வைத்தார்கள். எலிசபெத்தும் ரோஸ்லினும் குழந்தையோடு வந்திருந்தார்கள். இன்ஜினியர் சார் மாலை போட்டார். சிஸ்டர் ஓரமாக நின்றார். சூப்பர்வைசர் பேச வேண்டும் என்று ஜாபரை எழுப்பினார்கள். அவனுக்கு மேடைப் பேச்சு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்கு அண்ணன்மேல ஒரு பொறாம உண்டு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நெசமாத்தான் சொல்றேன். அன்னைக்குப் பிள்ளைக வார்டுல, தன் பேத்தி உள்ள கிடக்கையில, 'ஜாபரக் கூப்பிடுங்க'ன்னு அண்ணன் சொன்னாக. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன். என் பிள்ளைக்கு நாந்தான் போடுவேன்னு டிரில்லத் தூக்கியிருப்பேன். அப்பறம் ஒண்ணு ஆகிப்போயிருந்தா? அந்த மனசு எனக்கு வராது. அத நெனச்சா இன்னும் பொறாமயாத்தான் இருக்கு."

உட்கார்ந்துவிட்டான்.

என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். அவன் சொன்ன அதே வார்த்தை எனக்குள் அத்தனை வருஷமாக இருந்தது. ஒரு நாளும் வெளியே எடுக்க முடிந்ததில்லை. அவன் ஒரு மிக்சர் பொட்டலத்தைப் பிரிப்பதுபோல எல்லோர் முன்னாலும் சுலபமாக எடுத்து வைத்துவிட்டான். அதைச் சொல்லக்கூட அவனுக்குத்தான் முடிந்தது. நானும் அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "எல்லாருக்கும் நன்றி. ஜாபருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கை தட்டினார்கள். என் பெயருக்குத் தட்டியதைவிட அவன் பெயருக்குத் தட்டியது பலமாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. திரும்பிப் பார்த்தேன். ரோஸ்லின் பேத்தியை மடியில் நிறுத்தி, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி ஜாபரைப் பார்த்து, பல் முளைத்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.